நெடுந்தூர ஓட்டமும் வலது கீழறையும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் எங்களோடு ஓடும் நண்பர் ஒருவரின் எக்கோ (இதய ஒலியலைப் படம்) அறிக்கையில், இதயத்தின் இடது கீழறை சற்று விரிந்திருப்பதாக எழுதியிருந்ததைக் கண்டதும், அவர் வீட்டார் ஓட்டக் காலணியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் நெடுந்தூரம் ஓடுபவரின் இதயம் விரிவது புதிய செய்தியன்று. 1899-ஆம் ஆண்டிலேயே சுவீடன் மருத்துவர் சாலமன் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி, அந்த ஒலியைக் கொண்டே இதைக் கண்டறிந்தார். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அனுப்பும் இதயம், தேர்ந்த வீரருக்கு உச்ச உழைப்பில் 30 லிட்டருக்கும் மேல் அனுப்ப வேண்டியிருப்பதால், அறைகள் பெரிதாகி ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகுகின்றன. ஓய்வுத் துடிப்பு நாற்பதுகளுக்கு இறங்குவதும் பெரும்பாலும் இத்தகைய தகவமைப்பே.

நம் ஊர்ப் புழுக்கம் இதில் தனிக் கதை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் முழங்கை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். உடல் சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்குத் திரும்ப, வியர்வையால் இரத்த நீரும் குறைய, துடிப்புக்குத் துடிப்பு வெளியேறும் அளவு சுருங்குகிறது. அதை ஈடுகட்ட, வேகத்தைக் கூட்டாமலேயே கைக்கடிகாரத்தில் துடிப்பு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். சித்திரை மாதத்தில் இலக்கு வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்பது வீம்பு என்பதே என் கருத்து.

உண்மையில் கவனிக்க வேண்டியது, இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும் வலது கீழறையை. நுரையீரலின் குறைந்த அழுத்தத்துக்கு எதிராக மட்டுமே வேலை செய்து பழகிய மெல்லிய சுவர் அதற்கு. கடும் உழைப்பில் நுரையீரல் தமனியின் அழுத்தம் உயரும்போது, இடப்பக்கத்தைவிட அதன் மேல் விழும் சுமை விகிதத்தில் கூடுதலாகிறது. பல மணி நேரப் போட்டிக்குப் பின் அதன் சுருங்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்து, பெரும்பாலோருக்குச் சில நாட்களில் மீள்கிறது. மாரடைப்பைக் கண்டறிய மருத்துவர்கள் இரத்தத்தில் அளக்கும் டிரோபோனின் என்ற இதயத் தசைப் புரதமும் அப்போது உயரக்கூடும் என்பதால், மாரத்தான் முடித்த கையோடு நெஞ்சு வலியென்று அவசரப் பிரிவுக்குச் செல்பவர், தாம் ஓடி வந்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்காக வலியை அலட்சியப்படுத்தலாகாது.

மேலறைகளின் நிலை வேறு. சுவீடனின் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியில் பங்கேற்ற ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், அதிக முறை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத் துடிப்புச் சீர்கேடு, குறிப்பாக மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறை நடுக்கம், கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் அப்போட்டியாளர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நடுவயதைக் கடந்த ஓட்டக்காரர், மணிக்கட்டில் விரல் வைக்கும்போது துடிப்பு ஒழுங்கற்று ஓடினால், அது தானாக அடங்கிவிட்டாலும் இதய மருத்துவரைப் பார்ப்பது நல்லது; அந்த நேரத்து ஈ.சி.ஜி. சீராக இருந்தால், ஹோல்டர் கருவியை மாட்டி ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்வார்கள்.