கிளவுட் மென்பொருள்: சேரும்போதே வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளில் கணக்கு மென்பொருளைப் பற்றிக் கேட்டால் "கிளவுடுக்கு மாறிட்டோம்" என்பார்கள். அந்தப் பேச்சுக்குள் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. டேலி பிரைம் போல கம்ப்யூட்டரில் நிறுவும் மென்பொருளை ஒரு வாடகை சர்வரில் ஏற்றி, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது அந்த சர்வரின் திரையை இணையம் வழியே உங்கள் கம்ப்யூட்டரில் திறப்பது ஒன்று. ஜோஹோ புக்ஸ் போல பிரவுசரில் லாகின் செய்து மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்டுவது இன்னொன்று. முதல் வகையில் பேக்கப் யார் எடுக்கிறார்கள் என்று சர்வர்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாடகை நின்று சர்வரை அழித்துவிட்டால் கணக்கும் அதோடு போய்விடும். இரண்டாம் வகையில் பேக்கப், அப்டேட் எல்லாம் கம்பெனியின் வேலை. ஆனால் உங்கள் தகவல் அவர்கள் வடிவத்தில் அவர்களிடம் இருக்கிறது.

அதனால் விலையைக் கேட்கும் முன் எக்ஸ்போர்ட்டைச் சோதியுங்கள். இலவசச் சோதனைக் காலத்திலேயே பத்துப் பில், நாலு ரசீது, கொஞ்சம் சரக்கு பதிந்து, அத்தனையையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கிப் பாருங்கள். பிடிஎஃப் மட்டும் தருகிற மென்பொருளை வேண்டாம் என்றே சொல்வேன். பிடிஎஃப்பை இன்னொரு மென்பொருளில் ஏற்ற முடியாது. இறக்கிய கோப்பை இரட்டை கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் மூன்று கோளாறுகள் வரலாம். தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்தாகும். மிளகாய்த்தூளின் 0904 என்ற எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்கு வகை எண்) 904 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும். கோப்பில் பிழையில்லை, திறக்கும் முறைதான் தப்பு. எக்செல்லின் டேட்டா மெனுவில் சிஎஸ்வியை இம்போர்ட் செய்து, எழுத்து முறைக்கு யுடிஎஃப்-8 தேர்ந்து, அந்தப் பத்திகளை டெக்ஸ்ட் என்று குறித்தால் சரியாக வரும்.

சந்தாவை நிறுத்தினாலும் கணக்கு வேண்டும். கணக்கு எந்த ஆண்டுடையதோ அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னும் கண்டிப்பு: பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருக்க வேண்டும், யார் எதை எப்போது திருத்தினார் என்ற ஆடிட் டிரெய்ல் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்.

அடுத்தது கணக்கின் உரிமை. ஆடிட்டர் ஆபீஸ் பையனின் மெயிலில் கணக்கைத் திறந்து, ஓடிபியும் அவர் போனுக்கே போவது இங்கே சகஜம். அவர் வேலை மாறினால் உங்கள் பேரேட்டுக்கு நீங்களே வெளியாள். கடையின் சொந்த மெயில், முதலாளியின் போன், அதிலிருந்துதான் மற்றவர்களுக்கு அழைப்பு போக வேண்டும். ஒரு லாகினை நாலு பேர் பகிர்ந்தால் சந்தாவில் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் பில்லை அழித்தது யார் என்று கடைசிவரை தெரியாது. பர்மாக் காலத்து லேவாதேவிக் கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கொரு அதிகாரம் பிரித்த மாதிரியே பிரியுங்கள்: பில் போடுபவருக்கு அழிக்கும் அனுமதி வேண்டாம், ஆடிட்டருக்குப் பார்க்கும் அனுமதி போதும்.

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் ஓடு) விற்பவர்களுக்கு அளவில்தான் வில்லங்கம். 10க்கு 10 அங்குலக் கல் 144 சேர்ந்தால் 100 சதுர அடி. 8க்கு 8 என்றால் 225 வேண்டும். ஒரு கல்லுக்கு 0.69 சதுர அடி என்று பதிந்துவிட்டால் ஆயிரம் கல்லுக்கு 690 காட்டும், உண்மையில் 694.4. மாதக்கணக்கில் இந்த வித்தியாசம் சேர்ந்து ஸ்டாக் ஒத்துப்போகாது. சரக்கை எண்ணிக்கையில் வையுங்கள், பில்லில் மட்டும் சதுர அடிக்கு மாற்றுங்கள். மாற்று அலகை நாலு தசமம் வரை ஏற்காத மென்பொருள் இந்தத் தொழிலுக்கு உதவாது.

பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்துபவர்கள் சேனல் மேனேஜரில் (பல புக்கிங் தளங்களில் அறை இருப்பை ஒன்றாகக் கவனிக்கும் மென்பொருள்) ஒன்றே ஒன்று பார்த்தால் போதும்: போனில் வரும் புக்கிங்கைப் பதிந்தவுடன் எல்லாத் தளங்களிலும் அந்த அறை மூடுகிறதா? கல்யாணத்துக்கு வீடு மொத்தமாகப் போகிற நாட்களில் இது தவறினால் அவமானம்.

மாறுவதற்கு ஏப்ரல் 1 நல்ல நாள். பழையதிலும் புதியதிலும் மார்ச் 31 டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போன பிறகே புதியதில் பில் போடத் தொடங்குங்கள். ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். ஆனால் இ-இன்வாய்ஸ் போடுகிற, அதாவது 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கடைகள், ஐஆர்என் (அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஒவ்வொரு பில்லுக்கும் தரும் பதிவெண்) எடுப்பது ஒரு மென்பொருளில் மட்டும் இருக்கட்டும். அதே பில் எண்ணில் மறுபடி அனுப்பினால் போர்ட்டல் மறுக்கும். வேறு எண்ணில் அனுப்பினால் ஒரே விற்பனை ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கையில் இருமுறை ஏறும். ரத்து செய்ய 24 மணி நேரம்தான். பில் எண் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, கடைப் பெயரை முழுசாக முன்னொட்டாக வைக்க ஆசைப்படாதீர்கள்.

இணையம் போனால் பில் போட முடியுமா என்று ரூட்டரை அணைத்துச் சோதியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு சிக்கல்: முகப்பில் ரூட்டரை வைத்தால் அந்தச் சுவர்களையும் வளவையும் தாண்டி இரண்டாங்கட்டுக்கு வைஃபை வராது. சர்வர் மந்தம் என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கேபிள் இழுத்து, உள்ளே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) வையுங்கள். மின்தடைக்கு ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ், ஃபைபர் அறுந்தால் வேறு கம்பெனி சிம் ஒன்று.

சந்தாவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு செய்யும்போதே உங்கள் 33இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள், இல்லையென்றால் அந்த வரி ஜிஎஸ்டிஆர்-2பி என்ற வரி வரவு அறிக்கையில் வராது, கழித்துக்கொள்ளவும் முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டுவது) இருப்பவருக்கு இந்த வரி வரவு கிடையாது, அவர் வரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும்.