கடல்நீரும் கடன் வட்டியும்

கடல்நீரை அழுத்தித் தள்ளினால் உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் புதிய சவ்வு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, இனி ஏழை நாடுகளும் கடல்நீரை மலிவாகக் குடிநீராக்கிக்கொள்ளலாம் என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. உள்ளே எடுக்கும் நீரில் பாதியை நன்னீராகப் பிரிக்க, கிடைக்கும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு யூனிட் மின்சாரமாவது தேவை என்பது வெப்ப இயக்கவியல் வகுத்த எல்லை. எந்தச் சவ்வும் அதைத் தாண்ட முடியாது. 1960-ஐ ஒட்டி ஆய்வாளர்கள் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வில் தொடங்கி, வெளியேறும் உவர்நீரின் அழுத்தத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் கருவிகள் வரை வந்த முன்னேற்றங்களால், நல்ல ஆலைகள் இன்று நீரை இறைப்பது, வடிகட்டுவது உட்பட எல்லா வேலைகளுக்கும் சேர்த்து மூன்று முதல் நான்கு யூனிட்டில் முடித்துவிடுகின்றன. இனி மிச்சம்பிடிக்க அதிகம் இல்லை.

விலை ஏறுவது வேறிடத்தில். நாளொன்றுக்கு ஒரு லட்சம் கன மீட்டர் தரும் ஆலைக்குப் பத்துக் கோடி டாலர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடனை 25 ஆண்டுகளில் 3 விழுக்காடு வட்டியில் அடைத்தால், ஒரு கன மீட்டர் நீரின்மேல் விழும் தவணைச் சுமை சுமார் 16 சென்ட். வட்டி 12 விழுக்காடானால் அதுவே 35 சென்ட்டாகிவிடும். இயந்திரமும் ஒன்றே, கடலும் ஒன்றே; கடன் வாங்கும் அரசின் மீதுள்ள நம்பிக்கை மட்டுமே வேறு. கடன் டாலரிலும் தண்ணீர்க் கட்டணம் உள்ளூர் நாணயத்திலும் இருப்பதால், நாணய மதிப்பு சரியும்போதெல்லாம் சுமை மேலும் கூடுகிறது. வளைகுடா நாடுகளின் மிகக் குறைந்த ஒப்பந்த விலைகளை மேற்கோள் காட்டுவோர் இதைச் சொல்வதே இல்லை.

சூரிய ஒளி இலவசம்தானே என்பார்கள். பகலில் மட்டும் ஓடும் ஆலை நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கும். அப்போதும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, அடிக்கடி நிறுத்தி இயக்குவது சவ்வுகளுக்கும் ஆகாது. பாசியும் நுண்ணுயிரும் படியாமலிருக்கக் கடல்நீரில் குளோரின் கலக்கிறார்கள். ஆனால் இன்று பரவலாகப் பயன்படும் பாலியமைடு என்ற நெகிழிச் சவ்வை அதே குளோரின் அரித்துவிடும் என்பதால், சவ்வை எட்டுமுன் வேறொரு வேதிப்பொருளால் குளோரினை முறிக்க வேண்டும். இத்தனைக்கும் பயிற்சி பெற்ற ஆட்களும், பெரும்பாலும் இறக்குமதியாகும் பொருள்களும் இடைவிடாமல் கிடைத்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கடும் வறட்சியைக் கண்டு தொடங்கப்பட்ட பெரிய ஆலை 2012-இல் முடிவதற்குள் மழை வந்துவிட்டது. முடிந்த பின் 2017 வரை அதிலிருந்து மெல்பர்ன் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கப்படவில்லை, ஒப்பந்தப்படி பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பணக்கார மாநிலம் என்பதால் தாங்கியது.

ஆகவே, கசியும் குழாய்களை அடைப்பதும், கடல்நீரைவிட உப்புக் குறைந்த நிலத்தடி உவர்நீரைச் சுத்திகரிப்பதும்தான் ஏழை நாடுகளுக்கு முதல் வேலை என்பது என் கருத்து. அதன் பிறகும் கடலைத்தான் நாட வேண்டுமென்றால், வளர்ச்சி வங்கிகள் உள்ளூர் நாணயத்திலேயே நீண்டகாலக் கடன் கொடுத்து, நாணய மதிப்புச் சரிவின் இழப்பில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.