எத்தனையாவது வாரத்தில் பிறந்தான்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்து அறிக்கை எழுதுவது என் வேலை. என்னிடம் அனுப்பும்போது ஆசிரியர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் ஒரே வரிதான்: "கேட்டா பதில் சொல்றான், எழுதச் சொன்னா எழுத மாட்டேங்கிறான்." ஆரம்ப வருடங்களில் நானும் அதில் பாதியை நம்பிக்கொண்டுதான் சோதனைக்கு உட்காருவேன்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன். சொற்களுக்குப் பொருள் கேட்டால் டக் டக்கென்று சொன்னான். அப்புறம் குறியீடு எழுதும் சோதனை. தாளின் மேலே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி இருக்கும், கீழே கட்டங்களில் எண்ணைப் பார்த்து அதற்குரிய குறியைப் போட வேண்டும், 2 நிமிடம். பொதுவாக ஒரு வரி போவதற்குள் இரண்டு மூன்று குறிகள் பிள்ளைகளின் மனதில் ஒட்டிக்கொள்ளும். இவன் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே போய், இடது கை விரலால் எண்ணைத் தொட்டு, கீழே வருவதற்குள் குறி நழுவி, மறுபடி மேலே போனான். ஒரு தப்பும் இல்லை, ஆனால் மணி அடித்தபோது இரண்டாவது வரியைக்கூடத் தாண்டவில்லை. "இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க சார்." கொடுக்கக் கூடாது, விதி அப்படி.

மொத்த மதிப்பெண் சராசரிக்குள் வந்தது. மொழியில் மிக உயரம், வேகத்தில் பள்ளம், இரண்டையும் கலந்தால் சராசரிதானே! நான் "சராசரி அறிவுத்திறன், முயற்சி போதவில்லை" என்று எழுதிவிட்டேன். அறிக்கை வாங்க வந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இவன் குறைமாசத்துல பொறந்தவன் சார், இன்குபேட்டர்ல இருந்தான். அதனால இருக்குமா?" "அதெல்லாம் ரெண்டு வயசோட சரியாயிடும்மா" என்றேன். அவர் போன பிறகுதான் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். 30-வது வாரம் என்று அவரே எழுதியிருந்தார்.

அந்த 'ரெண்டு வயசு' எங்கிருந்து வந்தது என்றால், குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது முன்கூட்டிப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துக் கணக்கிடுவார்கள், வழக்கமாக 2 வயதோடு அந்தக் கழிப்பை நிறுத்திவிடுவார்கள். நிற்பது கணக்குதான், பாதிப்பு அல்ல. மூளை மடிப்பு மடிப்பாக விரிவதும், பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளுக்கு மேலுறை போடும் செல்கள் பக்குவப்படுவதும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மும்முரமாக நடக்கிற வேலை, அந்தச் செல்கள் ஆக்சிஜன் குறைவையும் தொற்றையும் தாங்காதவை. அங்கே பட்ட அடி, நடை பேச்சில் தெரியாமல் இருந்துவிட்டு, பல வரிக் கணக்கும் வேகமும் தேவைப்படுகிற வகுப்பில் வந்து தலைகாட்டலாம்.

உலகத்தில் 10 குழந்தைகளில் ஒன்று 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கிறது, 2020-ல் மட்டும் சுமார் 1.34 கோடி. பெரும்பாலோர் நன்றாகவே படிக்கிறார்கள், அதனால் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் எவ்வளவு சீக்கிரம் பிறந்தார்களோ அவ்வளவுக்குக் கவனச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதுவும் துள்ளிக் குதிக்கிற வகை அல்ல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வகைதான் அதிகம். வகுப்பைக் கெடுக்காத பிள்ளையைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்? "நோட்டை எடு, தேதி போடு, 3-வது கணக்கைப் போடு" என்றால் நோட்டு மட்டும் வெளியே வரும், அதற்குள் 'சோம்பேறி' என்ற பட்டமும் வந்துவிடும். (மந்தமாக இருக்கிற எல்லாரும் குறைமாதம் இல்லை, கண், காது, தூக்கம் மூன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.)

அந்தப் பையனைத் திரும்ப வரவழைத்தேன். மதிப்பெண்ணுக்காக இல்லை, எனக்காக. அதே தாள், கடிகாரம் கிடையாது. ஆற அமர முழுப் பக்கத்தையும் போட்டான், நடுவில் ஒரு தப்பை அவனே கண்டுபிடித்து அழித்தான். அறிக்கையை மாற்றி எழுதினேன்: ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, தேர்வில் கூடுதல் நேரம், கணக்கு எளிதாக வேண்டாம், எண்ணிக்கை குறைந்தால் போதும். அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இப்போது இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். அதிலும் ஒரு வேடிக்கை, பிறப்பு விவரம் என்ற கட்டத்தில் பாதிப் பேர் 'நார்மல்' என்று எழுதியிருப்பார்கள், ஆபரேஷனா இல்லையா என்று கேட்கிறோம் என நினைத்து. அதனால் நேரிலும் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்: "எத்தனையாவது வாரம்மா?"