தப்புச் சத்தத்துக்குள் புகுந்த இரைச்சல்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டு எதுவும் போடாமல், வெறும் ரெக்கோர்டிங்கை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ரெக்கோர்டிங்கில் இரைச்சல் இல்லாத அந்த அமைதிக்காக மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். ஹட்டனுக்கு இரண்டு தடவை, கொழும்புக்கு ஒரு தடவை, கையை விட்டுப் போனது 25,000 ரூபாவுக்குக் கிட்ட. அதில் மூன்றில் ஒரு பங்கு வீண் செலவு. வீட்டில் டிஜே செட் வைத்து ரெக்கோர்ட் பண்ணுகிறவர்கள், அதிலும் நம் பக்கத்து லயங்களிலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) பழைய தோட்ட வீடுகளிலும் இருக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நான் தலவாக்கலைப் பக்கம். கல்யாண வீடு, சடங்கு, திருவிழா என்று நாலைந்து வருடமாக டிஜே செய்கிறேன். வெளியில் போடும்போது பிரச்சினை வந்ததில்லை. இந்த மாசியில் காமன் கூத்து நடந்தபோது மேல் லயத்துத் தாத்தா தப்பு என்னும் தோல் மேளத்தை அடித்ததைப் போனில் பதிந்து வைத்திருந்தேன். அதை பீட்டோடு சேர்த்து இருபது நிமிட மிக்ஸ் ஒன்று செய்ய ஆசை. மிக்ஸரின் மாஸ்டர் அவுட்டிலிருந்து ஒரு வயரை லெப்டொப்பில் குத்தினேன், ரெக்கோர்ட் பண்ணினேன், போட்டுக் கேட்டேன். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். தப்பில் மெல்லிய குச்சி விழும் சத்தம் இருக்கிறதே, பெரிய அடிக்குப் பின்னால் 'டிக்' என்று வருமே, அது அந்த இரைச்சலுக்குள் போய்விட்டது. போதாததற்கு மொத்தப் பாட்டும் வாளிக்குள் வைத்துப் பாடின மாதிரி இருந்தது.

இதில் இரண்டு வேறு வேறு நோய் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. இரைச்சல் ஒன்று, தரக்குறைவு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் இவ்வளவு அலைச்சல்.

முதலில் மிக்ஸர்தான் பழுது என்று நினைத்து ஹட்டனில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனால், "கிளீன் பண்ணியிருக்கு, இப்ப சரி" என்று 2,500 ரூபா வாங்கிக்கொண்டார்கள். கடையில் போட்டுக் காட்டியபோது உண்மையிலேயே இரைச்சல் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் அதே 'ம்ம்ம்'. கடையில் வராதது வீட்டில் வருகிறது என்றால் பழுது பெட்டியில் இல்லை, வீட்டில்தான் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் சொன்ன வழி: "லெப்டொப் சார்ஜர் பிளக்கில எர்த் பின்னை ஒடிச்சிடுங்க."

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல பேர் இந்த யோசனையைச் சொல்வார்கள், சில நேரம் இரைச்சலும் நிற்கும். ஆனால் உள்ளே ஏதாவது வயர் விட்டுப்போய் உலோக உடம்பில் கரண்ட் ஏறினால், அது போவதற்கு உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது. மழைக்காலத்தில் நம் வீட்டுச் சீமெந்துத் தரை எப்படி ஈரமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது கொழும்புப் பயணம். "லெப்டொப்பில இருக்கிற சவுண்ட் கார்ட் சரியில்ல, வெளியில இருந்து ஒன்னு போடு" என்று ஒரு நண்பன் சொன்னான். அவன் சொன்னது பாதி சரி. விடியற்காலை பஸ்ஸில் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறினேன். "யூஎஸ்பி சவுண்ட் கார்ட்" என்றதும் ஒரு கடையில் பெருவிரல் அளவு சாமான் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். பச்சை ஓட்டை ஒன்று, ரோஸ் ஓட்டை ஒன்று. "மிக்ஸர்ல இருந்து ரெக்கோர்ட் பண்ணலாமா?" என்று கேட்டேன். "எல்லாம் பண்ணலாம்" என்றார். இரவு வீட்டுக்கு வந்து பூட்டிப் பார்த்தால் இரைச்சலும் அப்படியே, வாளிச் சத்தமும் அப்படியே. திருப்பிக் கொடுக்க முடியாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது.

விஷயம் இதுதான். அந்த ரோஸ் ஓட்டை மைக் ஓட்டை. மைக்கிலிருந்து வருவது மிக மிகச் சின்ன சிக்னல், அதைப் பல மடங்கு பெருக்கத்தான் அந்த வழி இருக்கிறது. மிக்ஸரின் மாஸ்டர் அவுட்டில் வருவது அதைவிடப் பல நூறு மடங்கு பெரிய சிக்னல். அதை மைக் வழியில் அனுப்பினால் நெரிந்து உடைந்துதான் வெளியே வரும். அதோடு அது மோனோ. இடது வலது என்ற பிரிவே இருக்காது. இப்போது வரும் லெப்டொப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டை இருக்கிறதே, அதுவும் இந்தக் கதைதான். நமக்கு வேண்டியது லைன் இன், அதாவது மிக்ஸரின் பெரிய சிக்னலை அப்படியே வாங்கும் ஓட்டை. சிவப்பு வெள்ளை என்று இரண்டு ஆர்சிஏ ஓட்டை உள்ள யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ். கடையில் "சவுண்ட் கார்ட்" என்று கேட்காதீர்கள். சிவப்பு வெள்ளை ஓட்டையைக் கண்ணால் பார்த்து, பெட்டியில் லைன் இன் என்று போட்டிருக்கிறதா என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். மிக்ஸரில் ரெக் அவுட் (ரெக்கோர்ட் பண்ணவென்றே உள்ள அவுட்) இருந்தால் அதிலிருந்து எடுங்கள். பெரும்பாலான மிக்ஸர்களில் மாஸ்டர் வொலியூமைக் கூட்டிக் குறைத்தாலும் ரெக் அவுட் மாறாது.

சரியான இன்டர்ஃபேஸை ஒன்லைனில் எடுத்தேன், நாலு நாளில் வந்தது. வாளிச் சத்தம் அன்றே போய்விட்டது. இரைச்சல் மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் எங்கள் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடும் அண்ணனிடம் கதைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, சார்ஜரைக் கழட்டிப் பார்த்தியா?"

"பேட்டரி செத்துப் போச்சு அண்ணே. கழட்டினா லெப்டொப் நின்னுரும்."

"அப்ப வேற ஒன்னு இரவல் வாங்கிப் பாரு. சார்ஜர் இல்லாம."

தங்கச்சியின் லெப்டொப்பை வாங்கி, பேட்டரியில் ஓடவிட்டு, அதே இன்டர்ஃபேஸைப் பூட்டினேன். இரைச்சல் இல்லை. அவளுடைய சார்ஜரைக் குத்தினேன். 'ம்ம்ம்'. கழற்றினேன், நின்றது. அதற்குப் பிறகும் நம்ப முடியாமல் ஏழெட்டுத் தடவை குத்திக் குத்திக் கழற்றியிருப்பேன். இரண்டு நிமிடச் சோதனை, ஒரு சதமும் செலவில்லை. என் பேட்டரி உயிரோடு இருந்திருந்தால் நானே தற்செயலாகக் கண்டுபிடித்திருப்பேன்.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார். "மிக்ஸரைத் தொட்டா கையில சிலு சிலுன்னு இருக்குமா?" இருக்கும். இரண்டு வருடமாக இருக்கிறது. மழைக்கும் குளிருக்கும் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜருக்குள் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும், அது எர்த் வயரில் இறங்கிப் போக வேண்டும் என்று விளக்கினார். எர்த் இல்லாவிட்டால் அது லெப்டொப்பின் உடம்பில் ஏறி, ஓடியோ கேபிளின் வெளிவலை வழியாக மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் பாதை தேடும். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50தான் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று நிற்கிறது. ஓடாசிட்டி என்ற ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயரில் பாட்டில்லாத ஒரு துண்டைத் தெரிவு செய்து ஸ்பெக்ட்ரம் படத்தைப் பார்த்தேன். 50, 100, 150 என்று முளைக்குச்சி நட்ட மாதிரி நின்றது. உங்களுக்கும் அப்படித் தெரிந்தால் அது கரண்ட் விவகாரம். படம் முழுக்கப் பரவி 'ஸ்ஸ்' என்று இருந்தால் அது வேறு, எங்கேயோ கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டி வைத்திருக்கிறீர்கள்.

வயரிங் பாஸை (எலக்ட்ரீஷியனை) கூட்டிவந்து சுவரில் இருந்த பிளக் பொயின்டைக் கழற்றினோம். மூன்று ஓட்டை பிளக்தான். உள்ளே வந்தது இரண்டு வயர். பச்சை வயரைப் பூட்ட வேண்டிய பித்தளைத் திருகு புதிது போல மின்னியது. பக்கத்துத் திருகுகள் இரண்டும் கறுத்துப் போயிருக்க, அது மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. ஒரு நாளும் அதில் ஒரு வயரும் பூட்டப்படவில்லை. இத்தனை வருடம் அந்தச் சுவரில் ஹீட்டர் குத்தி அம்மா தண்ணீர் சுட வைத்திருக்கிறார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் ஆபிசில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு தடவை ஏறி இறங்கினேன். எர்த் கம்பி இறக்குவதும் லேசாக இல்லை. பின்பக்கம் இரண்டடிக்குக் கீழே பாறை. கடைசியில் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், மண் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் இறக்கினோம். கூடவே, கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்தோம், அது வேலை செய்தது. இதை நீங்களாகச் செய்யப் போகாதீர்கள், லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். நான் செலவழித்ததிலேயே பெரிய தொகை இதுதான், ஒரு சதம் கூட வீணில்லை என்று நினைக்கிறேன். சிலுசிலுப்பு அந்த நிமிடமே நின்றது. இரைச்சலில் முக்கால்வாசியும் போனது.

மீதிக் கால்வாசிக்கு இரண்டு காரணம். ஸ்பீக்கர்களை ஒரு சுவரிலும் லெப்டொப்பை எதிர்ச் சுவரிலும் குத்தியிருந்தேன். எர்த் வந்த பிறகு இரண்டு பக்க எர்த் வயரும் ஓடியோ கேபிளும் சேர்ந்து கரண்ட் சுற்றும் ஒரு வளையமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் கொண்டுவந்தேன். அப்புறம், அழகுக்காக ஓடியோ கேபிளையும் அடப்டர் வயரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தேன். கட்டை அவிழ்த்து ஒரு முழம் தள்ளிப் போட்டேன். அதற்குப் பிறகும் ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்தால் மட்டும் கேட்கும் அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குத்தான் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்போமர், விலையும் குறைவு. ரெக் அவுட்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போட்டேன், முழுதாக நின்றது. ஆனால் சத்தத்தைக் கூட்டி அனுப்பினால் மலிவான ஐசொலேட்டர் அடிப் பேஸை நசுக்கும். அளவாக அனுப்புங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் முதல் வேலையாக இதை வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், இரைச்சல் மறைந்தாலும் ஆபத்து சுவருக்குள்ளேயே இருக்கும்.

இன்னொரு இடத்தில் அரை நாள் போனது. பாட்டு நடுவில் திடீரென்று சத்தம் மங்கி மறுபடி ஏறியது. விண்டோஸில் ரெக்கோர்டிங் செட்டிங்குக்குள் என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று ஓன் ஆகியிருந்தது. பேச்சுக்காகச் செய்தது, தப்பை இரைச்சல் என்று நினைத்து அழுத்திவிடுகிறது. எல்லாவற்றையும் ஓஃப் பண்ணுங்கள். லெவலையும் மிக்ஸரில் சிவப்பு எரியவிடாமல், ஓடாசிட்டியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி வைத்தேன். என் பழைய ரெக்கோர்டிங்கைப் பெரிதாக்கிப் பார்த்தால் அலைகளின் தலையெல்லாம் கவாத்து வெட்டிய தேயிலை மாதிரி ஒரே மட்டத்தில் தட்டையாக இருந்தது. வெட்டுப்பட்ட தலை திரும்ப முளைக்காது.

பழைய ரெக்கோர்டிங்கைச் சொஃப்ட்வெயரில் காப்பாற்றலாம் என்று மூன்று இரவு முயற்சி செய்தேன். நொய்ஸ் ரிடக்ஷனைக் கொஞ்சமாக, ஒரு 6 டெசிபல் அளவில் போட்டால் பரவாயில்லை. கூட்டினால் தப்பு தண்ணீருக்குள் அடிக்கிற மாதிரி ஆகிறது. 50 ஹேர்ட்ஸை மட்டும் நொச் ஃபில்டரால் வெட்டினால் கிக் டிரம்மின் வயிறும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து போகிறது. நல்ல வேளை, தாத்தாவின் தப்பு போனில் பதிந்தது. போனுக்கும் சுவர்க் கரண்டுக்கும் தொடர்பில்லாததால் அந்த மூலம் சுத்தமாக இருந்தது. மிக்ஸ் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி செய்தேன்.

நேற்று சாயங்காலம் மேல் லயத்துக்குப் போய்த் தாத்தாவின் காதில் ஹெட்போனை மாட்டி, முதலில் பழையதைப் போட்டேன். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு புதியதைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் இடது கை முழங்காலில் தானாகத் தட்ட ஆரம்பித்தது, மெல்லிய குச்சி பிடிக்கும் கை. ஹெட்போனைக் கழற்றாமலேயே சத்தமாகச் சொன்னார்: "இந்தா, சின்னக் குச்சி இப்பதான்டா பேசுது."