சித்தப்பாவும் டிபன் பாக்ஸ் பேட்டரியும்

இப்போதுதான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

அப்பாவின் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பைக்கில் பேட்டரி செத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. 2004 மாடல். இதில் ஒரு சௌகரியம், பேட்டரி இல்லாவிட்டாலும் ஒரே உதையில் கிளம்பிவிடும். பிளக்குக்கும் ஹெட்லைட்டுக்கும் வேண்டிய கரண்ட் இன்ஜின் சுற்றுவதிலிருந்தே வந்துவிடுகிறது. ஹார்னும் இண்டிகேட்டரும்தான் பேட்டரியை நம்பிப் பிழைப்பவை. அதனால் இரண்டு மாதமாக என் வாய்தான் ஹார்ன், என் கைதான் இண்டிகேட்டர். தொண்டை கட்டியதற்கு வாங்கிய மிளகு மாத்திரைக் காசில் அரை பேட்டரி வாங்கியிருக்கலாம்.

சனிக்கிழமை சித்தப்பா ஊரிலிருந்து வந்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும் காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கிளம்புடா."

பெங்களூரில் எங்கள் அல்சூரிலிருந்து வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு வரை, குறுக்கே வருகிறவர்களைப் பார்த்து "ஜாகா பிடி, ஜாகா பிடி" என்று கத்திக்கொண்டே போனேன். கன்னடத்தில் அதற்கு 'வழி விடு' என்று அர்த்தம். பின்னால் இருந்தவருக்குத் தமிழ்தானே தெரியும்? நான் கத்தக் கத்த அவர் என் இடுப்பைப் பிடித்தார். ஹட்சன் சர்க்கிள் வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

கடைக்காரர் 12 வோல்ட், 2.5 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சித்தப்பா டிப்போவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். பஸ்ஸுக்கு 24 வோல்ட், இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோக்க வேண்டும், ஒன்றைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அவர் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா, டிபன் பாக்ஸைக் குடுக்கிறான்? தண்ணி ஊத்துற மூடி எங்க?" என்றார். இது சீல் வைத்தது, தண்ணீரே வேண்டாம் என்றதும் முகத்தில் அப்படி ஒரு அவநம்பிக்கை. சோறு வேண்டாம் என்கிற பிள்ளையைப் பார்ப்பது போல.

கடைப் பையன் இலவசமாக மாட்டித் தருகிறேன் என்றான். பழசைக் கொடுத்தால் 100 ரூபாய் குறையும் என்றும் சொன்னான். "நம்ம வண்டியில அடுத்தவன் கை வைக்கிறதா?" என்றார் சித்தப்பா. ஆக, அந்த 100 ரூபாய்க்காக இன்னொரு தடவை ஜே.சி. ரோடு.

வீட்டு வாசலில் அறுவை சிகிச்சை தொடங்கியது. "முதல்ல நெகட்டிவ்வைக் கழட்டணும். இல்லேன்னா ஸ்பேனர் பாடியில பட்டுப் பொறி பறக்கும். மாட்டும்போது பாசிட்டிவ் முதல்ல." எல்லாம் சரி. ஆனால் கறுப்பு வயரைக் காணோம். சிவப்பும் பச்சையும்தான் இருந்தன. ஹோண்டா வயரிங்கில் பச்சைதான் எர்த், அதாவது நெகட்டிவ் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பேட்டரி மேல் இருந்த கழித்தல் குறியைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அடுத்து அந்த நட்டு. சதுர நட்டு, மொச்சைக் கொட்டை அளவுகூட இல்லை. திருகும்போது நழுவி ஃபிரேமுக்குள் எங்கோ போய்விட்டது. வண்டியை ஆட்டினோம், சாய்த்தோம், டார்ச் அடித்தோம். கடைசியில் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி பெருமாளைக் காந்தத்தோடு பெயர்த்துக் குச்சியில் கட்டி உள்ளே விட்டோம். ஒன்றரை மணி நேரம். பெருமாள் ஒரு பழைய ஹேர்பின்னோடும், அடுத்த முறை நட்டோடும் வெளியே வந்தார்.

மாட்டி முடித்தபோது மணி எட்டு. சாவியைத் திருப்பினேன், நியூட்ரல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சித்தப்பா கையை நீட்டி ஹார்னை இரண்டு தட்டுத் தட்டினார்.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "டேய், கேட்டைத் திற!"

முனை திரும்பும்போதே அப்பா அப்படித்தான் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. சித்தப்பா பனியனால் டேங்கைத் துடைக்க ஆரம்பித்தார், சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடி மறுபடி.

"அதான் சொல்றாள்ல, திறந்துதான் விடேன்டா" என்றார்.

வண்டி உள்ளேதான் நின்றது. போய்த் திறந்துவிட்டேன்.