மேகம் மூடிய ஊரில் சோலார்: எந்தக் கணக்கைப் போடுவது?

வானம் முழுக்க மூடிக்கொண்ட நாளில், 4 கிலோவாட் சோலார் நண்பகலில் 400 முதல் 1,000 வாட் வரை கொடுக்கும். கனத்த மழைமேகமானால் அதற்கும் கீழே போகும். இதைக் கேட்டதுமே பலர் யோசனையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு நாளை வைத்து, இருபத்தைந்து ஆண்டு ஓடப்போகும் பொருளை எடைபோட முடியாது.

பார்க்க வேண்டியது ஆண்டு விளைச்சல்: ஒரு கிலோவாட் பேனல் ஓராண்டில் எத்தனை யூனிட் தரும் என்பது. வறண்ட வெயில் பிரதேசங்களில் இது 1,600-க்கும் மேலே போகும். மேகத்துக்கும் நீண்ட குளிர்காலத்துக்கும் பெயர்போன ஜெர்மனியில் ஏறத்தாழ 900 முதல் 1,100. பாதிக்குச் சற்று மேல் கிடைக்கிறது, பத்தில் ஒரு பங்கு அல்ல. அந்த ஜெர்மனிதான் வீட்டுக் கூரை சோலாரில் உலகுக்கே முன்னோடியாக இருந்தது.

இதில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. பேனல் லேபிளில் இருக்கும் வாட் எண், செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது எடுத்த அளவு. கடும் வெயிலில் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் திறன் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால் 12 முதல் 14 சதவீதம் அங்கேயே காணாமல் போகிறது. குளிர்ந்த ஊருக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை.

உங்கள் ஊரின் எண்ணை யாரிடமும் கேட்க வேண்டாம். ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், அமெரிக்க அரசு ஆய்வகத்தின் பிவிவாட்ஸ் இரண்டும் இலவசம். இடம், பேனலின் சாய்வு, பார்க்கும் திசை, கிலோவாட் ஆகியவற்றைக் கொடுத்தால் மாதவாரியாக யூனிட் வரும். இரண்டுமே இழப்பு 14 சதவீதம் என்று முன்கூட்டியே வைத்திருக்கும். அதை அப்படியே விடலாம். ஆனால் பக்கத்து வீட்டு மரமோ உங்கள் தண்ணீர்த் தொட்டியோ அவற்றுக்குத் தெரியாது. நிழலுக்கான கழிவை நீங்கள்தான் போட வேண்டும்.

இனி நான் அதிகம் வலியுறுத்தும் இடம். லாபமா நஷ்டமா என்பதை மேகத்தைவிட மின் வாரியத்தின் கணக்குமுறைதான் தீர்மானிக்கிறது. 4 கிலோவாட், ஆண்டு விளைச்சல் கிலோவாட்டுக்கு 950 என்று வைப்போம்: 3,800 யூனிட். இதில் உற்பத்தியாகும் நேரத்திலேயே வீடு எடுத்துக்கொள்வது 35 சதவீதம், அதாவது 1,330. மீதி 2,470 வெளியே போகிறது. நெட் மீட்டரிங் (அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளும் முறை) இருந்து, வீட்டின் ஆண்டுச் செலவும் அந்த அளவுக்கு இருந்தால், 3,800 யூனிட்டும் முழு விலை பெறும். வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு, நீங்கள் வாரியத்திடம் வாங்கும் விலையில் 30 சதவீதம்தான் கிடைக்கும் என்றால், முழு விலை யூனிட் கணக்கில் 2,470 சுருங்கி 741 ஆகிறது, மொத்தம் 2,071. அதே பேனல், அதே மேகம், வருமானம் மட்டும் ஏறத்தாழ பாதி.

இப்போது வெயில் ஊரில் 1,500 விளைச்சல் என்று வைத்து 6,000 யூனிட் எடுங்கள். அங்கே வீடு 1,600 எடுத்துக்கொண்டு, மீதி 4,400 அதே 30 சதவீத விலைக்குப் போனால் மொத்த மதிப்பு 2,920. நெட் மீட்டரிங் உள்ள மேக ஊர் இதை முந்திவிடுகிறது. ஆகவே வானத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டண விதியைப் படியுங்கள்: அனுப்பும் யூனிட்டுக்கு என்ன விலை, மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகுமா, அந்த விதி எத்தனை ஆண்டுக்கு உறுதி.

மொத்தச் செலவை, ஆண்டுக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்தால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று தெரியும். பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டு. பேனலின் திறன் ஆண்டுக்கு அரை சதவீதம் போலத் தேயும். விற்பவர் தரும் தாளில் “சொந்தப் பயன்பாடு 70 சதவீதம்” என்றோ, மின்கட்டணம் ஆண்டுதோறும் எகிறும் என்றோ எழுதியிருந்தால் அந்த வரியைத்தான் முதலில் அடித்துத் திருத்த வேண்டும். உண்மையான சொந்தப் பயன்பாட்டை அறிய ஒரு வாரம் போதும்: காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டரைக் குறித்து வையுங்கள். பகலில் வீடு பூட்டிக்கிடந்தால் வித்தியாசம் ஒன்றிரண்டு யூனிட்தான் இருக்கும். வாட்டர் ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் டைமர் போட்டு நண்பகலுக்கு நகர்த்துவது, பேட்டரி வாங்குவதைவிட மலிவான வழி.

நிறுவும் விதமும் இங்கே கொஞ்சம் மாறும். மேகம் மூடினால் ஒளி ஒரு திசையிலிருந்து வராது, வானம் முழுவதிலிருந்தும் வரும். சாய்வு கூடக்கூட பேனலுக்குத் தெரியும் வானம் குறையும்: 30 டிகிரியில் 93 சதவீதம், 60 டிகிரியில் 75, சுவரில் செங்குத்தாக வைத்தால் பாதி. அதனால் மேக ஊரில் சரியான கோணத்துக்காகச் செலவழித்து உயரமான ஸ்டாண்ட் கட்டத் தேவையில்லை. ஆனால் 10 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். மழைநீர் வழியாமல் கீழ் விளிம்பில் அழுக்கு தேங்கும். மேகம் எந்த நேரத்தில் வருகிறது என்பதும் முக்கியம். காலைப் பனிமூட்டம் பத்து, பதினொரு மணிக்கு விலகும் ஊரென்றால் மேற்குப் பக்கக் கூரை தோன்றுவதைவிட நல்ல இடம்.

நிழல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெயில் அடிப்பதே சில மணி நேரம். அந்த நேரத்தில் குழாயின் நிழல் விழுந்தால் இழப்பு பெரிது. சாதாரண பேனலில், நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி கரண்டை மாற்றுவழியில் விடும் பைபாஸ் டயோடு மூன்று இருக்கும். ஒரு செல் இருண்டாலும் அந்த டயோடின் பங்கான மூன்றில் ஒரு பகுதி விலகி நிற்கும். முற்றிலும் மூடிய நாளில் மட்டும் இந்த நிழல் அவ்வளவு கடிக்காது.

“குறைந்த ஒளிக்கென்றே செய்த பேனல்” என்ற விளம்பரத்துக்கு அதிகம் கொடுக்காதீர்கள். நல்ல மோனோ பேனல் (ஒற்றைப் படிக சிலிக்கானில் செய்தது) எதுவும் ஒளி ஐந்தில் ஒன்றாகக் குறைந்தபோதும் தன் செயல்திறனில் சில சதவீதமே இழக்கும். தரவுத்தாளில் சதுர மீட்டருக்கு 200 வாட் ஒளிக்கான வரியைப் பாருங்கள். மேகத்தில் கரண்ட்தான் நேர்விகிதத்தில் விழுகிறது, வோல்ட்டேஜ் அவ்வளவாக இறங்காது. அதனால் ஸ்ட்ரிங்கில், அதாவது வரிசையாக இணைத்த பேனல்களில், மொத்த வோல்ட்டேஜ் இன்வெர்ட்டர் ஓடத் தேவையான தொடக்க வோல்ட்டேஜைத் தாராளமாகத் தாண்டினால் போதும். பேனல் 5 கிலோவாட், இன்வெர்ட்டர் 4 என்று வைப்பதில் இங்கே தவறில்லை. உச்சத்தில் கொஞ்சம் வெட்டுப்படும், அந்த உச்சம் வருவதே அபூர்வம்.

பேட்டரி ஒரு மாலையையும் இரவையும் தாங்கும், ஒரு பருவத்தைத் தாங்காது. ஜெர்மனி போன்ற இடத்தில் டிசம்பரில் 4 கிலோவாட் நாளுக்கு 3, 4 யூனிட் தந்தால் அதிகம். 10 யூனிட் பேட்டரி அந்த மாதத்தில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பருவமழை ஊர்களில் உற்பத்தி விழும் பள்ளம் இரண்டு மூன்று மாதம்தான், ஆழமும் குறைவு. இன்னொன்று: பேட்டரி இல்லாத சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (வாரியத்தின் லைனோடு சேர்ந்து ஓடுவது), கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி. நல்ல வெயிலில் பேனல் இருந்தும் வீடு இருட்டாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய.

ஈரமான ஊருக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் தினமும் காலையில் ஓடத் தொடங்குமுன் ஒயர்களின் இன்சுலேஷனை அளந்து பார்க்கும். கூரையில் கனெக்டர் தண்ணீரில் கிடந்தாலோ, ஒயரின் தோல் உரசிப் போயிருந்தாலோ, மழைக் காலையில் ஃபால்ட் காட்டி நிற்கும். மதியம் காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். டெக்னீஷியன் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதனால் ஒயர்களை ஃப்ரேமோடு தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். கனெக்டருக்கு முன் ஒயர் தொங்கி வளைந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் வெவ்வேறு கம்பெனியுடையவற்றை ஜோடி சேர்ப்பதையும் தடுங்கள். பொருந்துவதுபோல் இருக்கும், உள்ளே சூடேறி உருகும். பாசி கீழ் விளிம்பிலிருந்து ஏறும். மென்மையான பிரஷும் வெறும் நீரும் போதும், பிரஷர் வாஷர் வேண்டாம்.

தெற்கு அரைக்கோளம் அல்லாத இடத்தில் கூரை வடக்குப் பக்கம் செங்குத்தாகச் சரிந்திருந்தால், அல்லது பகலில் ஆளில்லாமல் அனுப்பும் யூனிட்டுக்கும் விலை இல்லாமல் இருந்தால், வேண்டாம் என்பதே என் பதில். கூரை ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் முதலில் கூரையை மாற்றுங்கள். பேனலைக் கழற்றி மறுபடி பூட்டும் கூலி, பல ஆண்டு மிச்சத்தைத் தின்றுவிடும்.