கரிசலில் ஷட்டில் கோர்ட் போட்ட கதை

வீட்டுக்குப் பின்னால் இப்போது இருப்பது இரண்டாவது கோர்ட். முதலாவது கான்கிரீட், ஒரே ஒரு மழைக்காலத்தோடு சரி. அதை உடைத்து அள்ள ஜேசிபிக்குக் கொடுத்த வாடகையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அசல் கரிசல். பருத்திக்கும் உளுந்துக்கும் இதைப் போல மண் கிடையாது, கட்டடம் கட்டுகிறவனுக்கு இதைப் போலத் தலைவலியும் கிடையாது. சித்திரையில் வெடிப்புக்குள் முழங்கை வரை விடலாம். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தால் வெடிப்பெல்லாம் மூடி, தரை உப்பி, செருப்பை உருவிக்கொள்ளும். மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் செய்யும் வேலை இது; தண்ணீரைத் தன் அடுக்குகளுக்கு நடுவே இழுத்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும். வீங்குகிறபோது மேலே நாலு அங்குல கான்கிரீட் இருக்கிறதே என்றெல்லாம் அது பார்க்காது.

முதல் கோர்ட்டுக்கு மேஸ்திரி சொன்ன யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. "ரெண்டடி களிமண்ணை எடுத்துட்டு ஜல்லியும் எம்-சாண்டும் போட்டு ரொப்பிருவோம் அண்ணாச்சி, தண்ணி தானா கீழ எறங்கிரும்." அப்பா மட்டும் திண்ணையில் இருந்தபடி, "ஏல, கரிசல்ல குழி தோண்டுனா அது குட்டைலா" என்றார். விவசாயம் வேறு, கட்டட வேலை வேறு என்று நினைத்துக்கொண்டு நான் பதில் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை எங்கள் பக்கத்தையும் விடவில்லை. கோர்ட் முழுகி, வடிந்து, வெயிலும் வந்தபிறகு பார்த்தால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. ஏப்ரலில் அதே ஓரங்கள் காய்ந்து இறங்க, நடுவில் நீளமாக ஒரு விரிசல், அதிலிருந்து நாலு கிளை. இதற்கிடையில் பிப்ரவரியில், மழை நின்று இரண்டு மாதம் ஆனபிறகு, சந்தேகப்பட்டு கான்கிரீட் ஓரமாக ஒரு குழி எடுத்துப் பார்த்திருந்தேன். மணலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்! கீழே இறங்க வழி ஏது, சுற்றிலும் அடியிலும் களிமண். மேலிருந்து வந்த தண்ணீரையெல்லாம் மணல் வாங்கி வாங்கி அடிக்களிமண்ணுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு மொட்டை மாடித் தண்ணீர் விழும் குழாயும் அந்தப் பக்கம்தான். அப்பா சொன்ன குட்டையேதான், மூடி போட்ட குட்டை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி இந்த மண்ணுக்கென்றே ஆராய்ச்சி செய்திருக்கிறார். கரிசலுக்கு மேலே மணல் உதவாது, ஒட்டும் தன்மை இருந்தும் வீங்காத மண்ணை ஒரு மீட்டர் அளவுக்கு இறுக்கிப் போட்டால் அடியில் உள்ள வீக்கம் அடங்கும் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நல்ல சரளைச் செம்மண். ஒரு மீட்டர் போட எனக்கு வசதி இல்லை, இரண்டரை அடியோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த முறை ஒரு அடிதான் எடுத்தோம். அந்தப் பள்ளத்தின் அடியையே ஓடை பக்கமாகச் சரித்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்புத் தூளைப் பரப்பி, டிராக்டரில் ரொட்டவேட்டர் மாட்டி உழுது கலந்து, தண்ணீர் தெளித்து உருட்டினோம் (சுண்ணாம்பு பட்டால் களிமண்ணின் வீக்கம் குறையும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்). அதற்கு மேல் செம்மண். 26-க்கு 50 அடி இடம், இரண்டரை அடி உயரம், இறுக்கியபின் அந்த அளவு நிற்க கிட்டத்தட்ட நாற்பது யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) பிடித்தது. ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்டவே கூடாது. கொட்டி, நனைத்து, ரோலர் ஓட்டி, பிறகு அடுத்தது. ஈரம் சரியா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கைப்பிடி எடுத்துக் கொழுக்கட்டை மாதிரிப் பிடித்துக் கீழே போட்டால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது, சப்பையாக அப்பினால் அதிகம்.

ஆக, பழைய கோர்ட் தரைக்குள் புதைந்து கிடந்தது, இது தரைக்கு மேலே ஒன்றரை அடி மேடாக நிற்கிறது. மேல்தளத்தில் 26 அடி அகலத்துக்கு மூன்று அங்குலம் ஒரே பக்கச் சரிவு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பிடித்தது. ஆடும்போது சரிவு தெரியவே தெரியாது. நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிப்போம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன், வலைக்கு நடுவில் ஒரு உயரம் ஓரங்களில் ஒரு உயரம் என்று ஆகிவிடும். மேட்டைச் சுற்றித் தார்ப்பாய் விரித்த வாய்க்கால், அது ஓடையில் போய் முடிகிறது. மாடிக் குழாயை நாலு அங்குலக் குழாயால் வாசல் பக்கம் திருப்பியாயிற்று. உண்மையில் செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருந்தது இந்தக் கடைசி வேலைதான், முதலிலேயே செய்திருக்கலாம்.

வலைக் கம்பங்களை மண்ணில் நடவே இல்லை. பழைய டயருக்குள் கான்கிரீட் ஊற்றி அதில் நிறுத்தியிருக்கிறோம், மண் எப்படி ஆடினாலும் கவலையில்லை. ஆனி ஆடிக் காற்றில் ஷட்டில் பக்கத்துக் காட்டுக்குப் போவதற்குத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

தரை இப்போதைக்குச் செம்மண்தான், சாணி மெழுகியது. போன கார்த்திகையில் இரவெல்லாம் மழை, மறுநாள் சாயங்காலம் ஆடினோம். வைகாசியில் வேப்பமரத்துப் பக்க மூலை அரை அங்குலம் இறங்கியது, வேர் ஈரத்தை உறிஞ்சியிருக்க வேண்டும். இரண்டு கூடை மண் போட்டுத் திமிசுக்கட்டையால் தட்டினேன், தீர்ந்தது. கான்கிரீட்டாக இருந்திருந்தால் மறுபடி ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டிருப்பேன். மகள் மட்டும் கான்கிரீட் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இன்னும் இரண்டு மழைக்காலம் மண் அமரட்டும் என்றேன். அதற்குள் நான் காலேஜுக்கே போயிருவேன்ப்பா என்கிறாள்.